45 வயதில் ஓர் அரிச்சுவடி



ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்குப் பக்கத்தில் கடலரிப்பால் காணி இழந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நஷ்டத்தைப் பதிய ஓர் அலுவலகத்துக்குப் போனேன். சிங்களத்தில் நிரப்பிய ஒரு படிவத்தைத் தந்து ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். சிங்களம் தெரிந்த என் மருமகன் வீட்டில் அதன் பிரதியை வாசித்துவிட்டு, "மாமி, தென்னையே இல்லாத வெறுங்காணி எண்டு எழுதிருக்கே! பாக்காமலா ஒப்பம் வெச்சீங்க?" என்று கேட்டார். கடல் கொண்டுபோனது காய்த்து நின்ற 11 தென்னை. அந்த ஒரு வரியைத் திருத்த எட்டு மாதம் அலைந்தேன்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தச் சட்டத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. தமிழில் தாருங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். அந்த உரிமையும் எனக்குத் தெரியாது, எழுத்தும் தெரியாது. அந்த வெட்கத்தில்தான் 45 வயதில் சிங்கள அரிச்சுவடி வாங்கினேன்.

மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் விட்டேன். நான்காம் தரம் தொடங்குமுன் ஒரு கொப்பியில் கோடு போட்டு, ஒரு பக்கம் என் பலவீனங்களையும் மறுபக்கம் என் பலங்களையும் எழுதினேன்.

பலவீனம் ஒன்று, ஆரம்ப வேகம். முதல் வாரம் நாளுக்கு மூன்று மணித்தியாலம் படிப்பேன். பிறகு நோன்பு வரும், மகளின் பிள்ளைப்பேறு வரும், புத்தகம் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். இரண்டு, கூச்சம். பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் இளைய மகள் பக்கத்திலேயே இருந்தாள். பெற்ற பிள்ளையிடம் கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்று, கடினமானதைத் தாண்டிப் போவது. தமிழில் ஒரே 'க' வைத்து எழுதும் ஒலிகளுக்குச் சிங்களத்தில் தனித்தனி எழுத்துகள் உண்டு. அவற்றைப் பழகாமல் விட்டதால் சொற்களை மாற்றி மாற்றி வாசித்தேன்.

பலங்களும் இருந்தன. மீன் வாங்க வரும் வியாபாரிகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டே பல சொற்கள் காதில் ஏறியிருந்தன. அக்கா, கடை, சல்லி போன்ற சொற்கள் சிறு மாற்றத்தோடு அங்கும் இருக்கின்றன. இன்னொரு பலம் சிறுவயதில் குர்ஆன் மதரசாவில் கிடைத்தது. பழைய பாடத்தை ஒப்புவித்த பிறகுதான் புதுப் பாடம் தருவார்கள். ஜெர்மன் அறிஞர் எபிங்ஹவுஸ் 1885 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: படித்ததில் பெரும்பகுதி விரைவில் மறந்துபோகிறது, நாள் இடைவெளி விட்டு மீட்டுப் பார்த்தால் நிலைக்கிறது.

எங்கள் துறைமுகமும் எனக்கு ஒரு பாடம். 2008 இல் வேலை தொடங்கி 2013 செப்டம்பரில் திறந்தார்கள். ஆனால் அதன் வாயிலை மணல் வந்து மூடியது, படகுகள் போய்வர முடியாமல் மீனவர்கள் தவித்தார்கள். ஒரு தரம் தோண்டியதோடு வேலை முடிவதில்லை. என் படிப்பும் அப்படித்தான் மூடிப்போயிருந்தது.

எனவே சுபஹுக்குப் பிறகு 15 நிமிடம் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். முதல் ஐந்து நிமிடம் நேற்றைய பாடம். பிறகு கடினமான இரண்டு எழுத்து. இரவில் மகளிடம் ஒப்புவிப்பேன். "உம்மா, பிழை, திரும்ப எழுதுங்க" என்பாள். முதல் நாள் முகம் சிவந்தது, பிறகு பழகிவிட்டது.

யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களைப் பணித்ததும், அவர் அரை மாதத்துக்குள் கற்றதும் ஹதீஸில் வருகிறது. எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. கடந்த மாதம் பக்கத்து வீட்டு விதவைச் சகோதரிக்கு வந்த கடிதத்தை விரல் வைத்து மெதுவாக வாசித்தேன். வீட்டு இலக்கம் பிழையாக இருந்தது. ஒப்பம் வைக்குமுன் திருத்திக்கொண்டோம்.

சகோதரிகளே, நீங்களும் ஒரு கொப்பியில் கோடு போடுங்கள். பலவீனத்தை மட்டும் எழுதிவிட்டு மூடிவிடாதீர்கள். மறுபக்கத்தையும் நிரப்புங்கள்.