பழுது பார்த்தலும் கல்வியே

ஏரியை வெட்டுவித்த அரசன் பெயர் கல்வெட்டில் நிலைபெறுகின்றது. கோடைதோறும் வண்டல் வாரிக் கரையை உயர்த்திய குடிகளின் பெயரோ பெரும்பாலும் எக்கல்லிலும் காணப்படுவதில்லை. ஆயினும், பல நூற்றாண்டு கடந்தும் அவ்வேரியில் நீர் நிற்குமாயின், அஃது அக்குடிகள் செய்த மராமத்தினால் அன்றோ? ஆக்கியோரைப் புகழ்ந்து காத்தோரை மறப்பது உலகியல்பு. அவ்வியல்பு நம் கல்லூரியின் கணிப்பொறித் துறையிலும் புகுந்திருத்தல் கண்டு, அதுபற்றி எம் கருத்தை இவ்விதழ் வாயிலாக நேயர்கள்முன் வைக்கத் துணிந்தோம்.

நிகழ்ந்தது இது. சென்ற ஆண்டு நம் ஆய்வுக்கூடத்திலுள்ள பழைய கணிப்பொறிகள் இருபதில் லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்பு நிறுவப்பெற்றது. மறுநாள் அவற்றுள் ஒன்றேனும் இணையத் தொடர்பு பெறவில்லை. பொறிகள் பழுதாகிவிட்டன என்றும், அவற்றை ஏலத்தில் விற்றுப் புதியன வாங்குதலே தக்கது என்றும் பலர் கூறினர். இறுதியாண்டு மாணவர் ஒருவர் மட்டும், பழைய பதிப்பில் இயங்கிய பொறி புதிய பதிப்பில் இயங்கவில்லையெனின் குறை பெரும்பாலும் மென்பொருளிலேயே இருத்தல் வேண்டும் எனக் கொண்டு ஆராயப் புகுந்தார். ஆறு வாரம் உழைத்து, வலையட்டையின் டிரைவரில் நேர்ந்திருந்த வழுவைக் கண்டுபிடித்தார். அதனைப் பேணுவோர்க்கு எழுதினார். அவர்கள் இருமுறை திருத்தி எழுதப் பணித்தனர். மூன்றாம் முறை அனுப்பிய நான்கு வரித் திருத்தம் ஏற்கப்பெற்றது. இருபது பொறிகளும் இன்றும் இயங்குகின்றன.

ஆனால், இவ்வுழைப்பினையே தம் இறுதியாண்டுச் செயல்திட்டமாக அவர் காட்டியபொழுது, "இதில் நீர் புதிதாக ஆக்கியது யாது?" என வினவி, விதிப்படி ஏற்றல் இயலாது என்றனர். அவர் மூன்று வாரத்தில் வருகைப் பதிவுக்கான செயலி ஒன்றை எழுதித் தேர்ச்சி பெற்றார். அச்செயலியை இன்று எழுதியவரும் பயன்படுத்துவதில்லை.

விதியை நடத்தியோரை யாம் குறை கூறவில்லை. விதியே குறையுடைத்து என்கின்றோம். கெர்னலிலும் சாதன டிரைவர்களிலும் உள்ள வழுவை முறையாக ஆராய்ந்து தீர்த்தல், புதிய செயலி ஒன்றை ஆக்குதலினும் எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று. ஆதலின், அதனையும் இறுதியாண்டுச் செயல்திட்டமாக நம் கல்லூரி ஏற்றல் வேண்டும். இதுவே எம் கோரிக்கை.

இத்துறை பயிலாத நேயர் பொருட்டுச் சில சொற்கள் கூறுவாம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. நினைவகத்தைப் பங்கிடுதலும், எப்பணி எப்பொழுது நடைபெறல் வேண்டும் என வரையறுத்தலும் அதன் கடமை. விசைப்பலகை, திரை, வட்டு, வலையட்டை முதலிய வன்பொருள்கள் ஒவ்வொன்றோடும் பேசுதற்கு அதனுள் ஒவ்வொரு டிரைவர் வேண்டும். எவ்வெண்ணை எவ்வரிசையில் எழுதினால் அவ்வன்பொருள் விழிக்கும், எத்துணை நேரம் அதற்காகக் காத்திருத்தல் வேண்டும், அது அழைத்தால் எவ்வாறு விடையிறுத்தல் வேண்டும் என்பனவற்றை எல்லாம் அந்த டிரைவர் அறிந்திருத்தல் வேண்டும். சாதாரணச் செயலி ஒன்று தவறினால் அச்செயலி மட்டும் நிற்கும். டிரைவர் தவறினால் பொறி முழுவதுமே நிற்றல் கூடும்.

1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் லினக்ஸ் ஏறத்தாழ 10,000 வரிகளே உடையது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது 4 கோடி வரிகளைக் கடந்தது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை டிரைவர்களே. 2001-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கெர்னலை ஆராய்ந்து, அதன் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் டிரைவர்களில் 3 முதல் 7 மடங்கு வரை வழு மிகுதி எனக் கண்டனர்.

ஒருமுறை செவ்வனே எழுதிய டிரைவரை மீண்டும் தொடுவது எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். கெர்னல் நாள்தோறும் மாறிவருவது. அதன் உள்ளமைப்பில் ஒருவர் ஒன்றை மாற்றுவாராயின், அதனைச் சார்ந்துள்ள டிரைவர்கள் அனைத்தையும் அவரே மாற்றித் தருதல் மரபு. ஆனால், அந்த நூற்றுக்கணக்கான வன்பொருள்களும் அவர் மேசையில் இருப்பதில்லை. அவர் திருத்திய வரி பிழையின்றித் தொகுக்கப்பெறும். மெய்யான அட்டையில் அஃது இயங்குமா என்பதை அவ்வட்டையை உடையவரே அறிவர். நம் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்ததும் இதுவே. ஆதலின், பழைய பொறியை உடையவர் ஏழையாயினும், தொலைவில் வாழ்பவராயினும், அவரிடம் ஒரு சான்று உண்டு. அதனைப் பிறர் எவரும் தருதல் இயலாது.

இனி, வன்பொருளே வழுவுடையதாதலும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராயிருந்தவர் தாமஸ் நைஸ்லி. அவர் இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டி ஆராய்ந்து வருகையில், 1994 ஜூனில் தம் விடைகளில் ஒரு பிழையைக் கண்டார். தம் நிரலையும், அதனைத் தொகுத்த மென்பொருளையும், பொறியின் ஏனைய உறுப்புகளையும் ஒவ்வொன்றாக ஐயுற்று விலக்கி, அக்டோபரில் பென்டியம் பிராசசரே வகுத்தலில் பிழைக்கின்றது என்னும் முடிவுக்கு வந்தார். அதனுள் அமைந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டமையே காரணம். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 என வரவேண்டியது 1.3337 என வந்தது. முடிவில் இன்டெல் நிறுவனம் அவற்றை மாற்றித் தர இசைந்து, 47.5 கோடி டாலரைச் செலவாக எழுதிற்று. நைஸ்லி புதிய பொறி எதனையும் ஆக்கவில்லை. தம் விடையில் நேர்ந்த சிறு வேறுபாட்டைப் புறக்கணியாமல் அதன் வேர்வரை சென்றார், அவ்வளவே. நம்முடையது போன்ற ஒரு கல்லூரியில் இருந்துகொண்டு அதனைச் செய்தார் என்பதை நேயர்கள் கருதல் வேண்டும்.

வன்பொருள் பிழையை எல்லாம் பண்டமாற்றால் தீர்த்தல் இயலாது. 1997-இல் அதே பென்டியம் வரிசையில் மற்றொரு பிழை வெளிப்பட்டது. எவ்வகைத் தனியுரிமையும் இல்லாத ஒரு பயனரும் ஒரே கட்டளையால் பொறி முழுவதையும் நிறுத்திவிடுதல் கூடுமாயிற்று. விற்றுப்போன பிராசசர்களைத் திரும்பப் பெறவில்லை; கெர்னலை எழுதுவோரே அக்கட்டளை தீங்கு செய்யாதவாறு மென்பொருளில் அரண் அமைத்தனர். 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைகளோ பல ஆண்டுகளாக விற்ற பிராசசர்களில் இருந்தன. அப்பொழுதும் சிலிக்கானில் நேர்ந்த பிழைக்குப் பரிகாரம் தேடும் பாரத்தில் பெரும்பகுதி கெர்னலைப் பேணுவோர்மேல் வீழ்ந்தது. பரிகாரம் கிடைத்தது, பல பணிகளில் பொறியின் வேகம் ஓரளவு குறைந்தது. அக்குறைவும் அவர்கள் அறிந்து ஏற்றதே.

வழு தீர்த்தல் அறிவை எவ்வாறு பயிற்றுகின்றது என்பதற்கு 2008-இன் நிகழ்ச்சி ஒன்று தக்க சான்று. அவ்வாண்டு சோதனைக்கென வெளிவந்த கெர்னல் பதிப்பை நிறுவியோர் சிலருடைய இன்டெல் வலையட்டைகளில், அட்டையின் நிலையான நினைவகமே அழிந்துபோயிற்று. அட்டை பயனற்றதாயிற்று. அனைவரும் அவ்வட்டையின் டிரைவரையே ஐயுற்றனர். ஆராய்ந்தபொழுது, குற்றம் அதன்மேல் இல்லை எனத் தெரிந்தது. கெர்னலின் நடையைப் பின்தொடர்ந்து அறிதற்கென அமைந்த வேறொரு கருவி, விடுவிக்கப்பெற்ற நினைவிடம் ஒன்றில் தன் குறியைப் பின்னர் எழுதிற்று. அதற்குள் அவ்விடம் வலையட்டையின் வாயிலாக மாறியிருந்தது. கருவி திருத்தப்பெற்றது. குற்றமற்றதாயினும், டிரைவரிலும் அந்நினைவகத்திற்குப் பூட்டு அமைக்கப்பெற்றது. சான்றின்றிப் பழி சுமத்தாமையும், பழி நீங்கிய பின்னும் தன் காவலைப் பெருக்கிக் கொள்ளுதலும் எந்தப் பாடநூலிலிருந்து இத்துணைத் தெளிவாகக் கற்றல் கூடும்?

நம் மாணவர் கையாண்ட முறையும் அத்தகையதே. கெர்னலின் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 9 அல்லது 10 வாரங்களில் 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல் ஆகாத செயல். நடுவில் உள்ள மாற்றத்தில் நிறுத்திச் சோதித்து, வழு முற்பாதியிலா பிற்பாதியிலா எனத் தெளிந்து, அப்பாதியை மீண்டும் பாதியாக்கிச் செல்வாராயின், ஏறத்தாழ 14 சோதனைகளில் குற்றமுள்ள மாற்றம் ஒன்றே எஞ்சும். இரட்டிப்பின் வலிமையை வகுப்பில் கேட்டோர் பலர். அதன் பயனை ஓரிரவில் கண்டவர் அவர் ஒருவரே.

இனித் தடைகளை நோக்குவாம். இதில் புதுமை இல்லை என்பர். அற்றன்று. ஒருவரும் அறியாதிருந்த காரணத்தை அறிதல் புதுமையே. ஓராண்டில் வழு தீரும் என்னும் உறுதி இல்லை என்பர். உண்மைதான், ஆயின், தீர்வுக்கு மட்டுமே மதிப்பெண் தராது, சோதனைக் குறிப்பேட்டுக்கும் விலக்கிய காரணங்களுக்கும் மதிப்பெண் தரலாம். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நாம் செய்துவருவதும் அதுவன்றோ? பழையனவற்றை எல்லாம் கட்டிக் காத்தல் வீண் என்பாரும் உளர். எல்லாவற்றையும் காத்தல் வேண்டும் என யாமும் கூறவில்லை. டோர்வால்ட்ஸ் முதன்முதல் லினக்ஸை எழுதியது 386 பிராசசர் உடைய பொறியில். அந்த 386-க்கான ஆதரவே 2012 டிசம்பரில் கெர்னலிலிருந்து நீக்கப்பெற்றது. பயன்படுத்துவோர் அருகி, சுமை மிகும்பொழுது விடுதலும் பேணுதலின் ஒரு கூறே. ஆனால், பயன்படுத்துவோர் உளராகவும் பேணுவோர் இன்மையால் ஒன்று கைவிடப்படுதல் வேறு. கெர்னலில் ஒவ்வொரு பகுதியையும் பேணுவோர் பெயர்களைக் கூறும் பட்டியல் ஒன்றுண்டு. பேணுவோர் இல்லாத பகுதிக்கு அதில் இடும் குறிப்பு 'அநாதை' என்பது. 2019-இல் நெகிழ்வட்டின் டிரைவர் அவ்வாறு குறிக்கப்பெற்று, பின்னர் வேறொருவர் அதனை ஏற்றார். ஏற்பார் இல்லாதன எத்துணையோ.

யாம் அஞ்சும் தடை வேறொன்று. மதிப்பெண் வேட்கையால் நம் மாணவர் பயனற்ற திருத்தங்களை அனுப்பிப் பேணுவோரின் பொழுதை வீணாக்குதல் கூடும். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர், வழுவுள்ள திருத்தங்களைப் பேணுவோர் கண்டுபிடிப்பாரா எனச் சோதிக்கக் கருதி, அத்தகையவற்றை வேண்டுமென்றே அனுப்பினர். செய்தி பரவியபின், 2021 ஏப்ரலில் அப்பல்கலைக்கழகத்திலிருந்து வரும் திருத்தங்கள் விலக்கப்பெற்றன. தொடர்பற்ற பிறருடைய பழைய திருத்தங்களும் மறுஆய்வுக்கு உள்ளாயின. ஒருசிலர் செயலால் ஒரு நிறுவனத்தின் சொல்லே ஐயத்திற்கு இடமாயிற்று. பேணுவோருள் பலர் தம் ஓய்வுப்பொழுதை ஈந்து உழைப்பவர். அவர் பொழுது நமக்கு விளையாட்டுப் பொருளன்று.

ஆகவே, யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, இத்தகைய செயல்திட்டம் நம் கையிலுள்ள மெய்யான வன்பொருளில் கண்ட வழுவைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஆசிரியர் ஒருவர் படித்து ஒப்பிய பின்னரே திருத்தம் வெளியே செல்லுதல் வேண்டும். மூன்றாவது, ஏற்கப்பெற்ற திருத்தத்தால் பிற்பாடு தீங்கு விளையின் அதற்கு விடையிறுக்க மாணவர் ஓராண்டேனும் கடமைப்பட்டிருத்தல் வேண்டும். பழைய மாணவர்கள் தம் வீட்டில் பயனின்றிக் கிடக்கும் அட்டைகளையும் பொறிகளையும் ஆய்வுக்கூடத்திற்கு அளிப்பாராயின் அதுவும் பேருதவியாம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் ஆக்கப்பெற்ற 'சக்தி' பிராசசரில் 2018-இல் லினக்ஸ் இயங்கிற்று. நம் நாட்டில் பிராசசர் ஆக்குவோர் பெருகுவாராயின், அவற்றின் பிழைகளும் நம்முடையனவே ஆகும். அவற்றைத் தீர்ப்போரும் நம்மிடையே இருத்தல் வேண்டும். அத்தகையோரை வருகைப் பதிவுச் செயலிகளால் மட்டும் உருவாக்குதல் இயலாது.

அந்த மாணவர் இவ்வாண்டு கல்லூரியை விட்டு நீங்கிவிட்டார். அவருக்கு மறுத்த மதிப்பெண்ணை இனித் தருதற்கில்லை. ஆயினும், அவர் பின்னே வருவோர்க்கு அவ்வாறு நேராதபடி விதியைத் திருத்துதல் நம் ஆசிரியப் பெருமக்களின் கையில் உள்ளது. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அவர்கள் கூடி இதனை ஆராய்வார்கள் என எதிர்பார்க்கின்றோம்.