சூநியன் எங்கே இருக்கிறது?

இராசராசன் அனுப்பிய தூதர்கள் முத்தும் யானைத் தந்தமுமாக 1015இல் சீனத்துச் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் இங்கே இராசேந்திரன் பட்டத்துக்கு வந்துவிட்டான். யார் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்பதையெல்லாம் சீனர்கள் எழுதிவைத்தார்கள். நம்மில் பலர் அதை அறிந்தது நீலகண்ட சாஸ்திரியார் 1939இல் தொகுத்த அயல்நாட்டார் குறிப்புகள் வழியாக, அதுவும் ஆங்கிலத்தில்.

இத்தனைக்கும் இந்தியாவில் சீன நூல்களுக்குப் பஞ்சமில்லை. தாகூரும் சீன அறிஞர் தான் யுன்-ஷானும் முயன்று 1937இல் சாந்திநிகேதனில் சீன பவனம் திறந்தார்கள். சீனத்திலிருந்து நன்கொடையாகவே நூல்கள் வந்து குவிந்தன. ஆனால் திண்டுக்கல் அருகே அகரத்தில் இருக்கும் ஒரு மாணவிக்கு அங்கே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் பக்கத்திலிருந்து சொல்கிறோம்: புத்தகத்தைப் பூட்ட அலமாரிச் சாவி வேண்டியதில்லை, அரைகுறைப் பட்டியலே போதும். 1225இல் சோழநாட்டைப் பற்றியும் எழுதிய சீனச் சுங்க அதிகாரியை 1911இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு 'சௌ சூ-குவா' என்கிறது. இன்றைய ஒலிபெயர்ப்பு முறையில் அவர் 'சாவ் ருகுவா'. ஒரே ஆள்தான். ஒரு பெயரைத் தட்டினால் மற்றது வராது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே 2000இல்தான் அந்தப் புதிய ஒலிபெயர்ப்பு முறைக்கு மாறியது. சோழநாட்டுக்குச் சீனர் இட்ட பெயர் 'சூநியன்'. (நம் காதுக்கு அபசகுனம்தான், போகட்டும்.) பழைய புத்தகங்களில் அதுவே 'சூ-லியன்'. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் சீன எழுத்து, பழைய ஒலிபெயர்ப்பு, புதிய ஒலிபெயர்ப்பு மூன்றும் வேண்டும். சீனம் படிக்கத் தெரிந்த நூலகர் ஒருவராவது வேண்டும். படமெடுப்பது அதற்கப்புறம். ஹார்வர்ட்-யென்சிங் நூலகம் தன் அரிய சீன நூல்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

நமக்கும் இது புதிதல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தமிழ் நூல் தொகுப்பை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கியும் சென்னையிலேயே விட்டுவைத்தது. நுண்படமும் பட்டியலும் ஆனபின் உலகமே அதைப் பயன்படுத்துகிறது. தமிழுக்கு அயலார் செய்ததைச் சீனத்துக்கு நம் பல்கலைக்கழகங்கள் செய்யக் கூடாதா?

சீனம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். சோங் வரலாற்றில் சோழநாடு பற்றி வரும் பகுதியைச் சீனத்திலிருந்தே தமிழில் தாருங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.