பட்டம் பெறும் நாளுக்கு முன்பே போங்கள்

கடல் கடந்து பயிலும் பிள்ளையைக் காணப் பெற்றோர் புறப்படுவது பெரும்பாலும் எப்போது? பட்டமளிப்பு விழாவுக்கு! அங்கியணிந்த பிள்ளையைக் கண்டு களித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் துணை தேவைப்பட்ட நாட்கள் அதற்கு முன்பே கழிந்துவிட்டனவே!

1914-இல் கணித மேதை இராமானுசன் கேம்பிரிட்ஜ் சென்றார். மனைவி ஜானகி உடன் செல்லவில்லை. மாமியார் மருமகள் பூசலில் கடிதப் போக்குவரத்தும் தடைப்பட்டது. அதுவோ போர்க்காலம், காய்கறிக்கும் தட்டுப்பாடு. சைவ உணவைத் தாமே சமைத்து உண்ட அவர் 1917-இல் நோயுற்றார். 1919-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே 32-ஆம் வயதில் மறைந்தார். தனிமைதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆயினும் வீட்டார் ஒருவர் அருகிருந்தால், "வேளைக்கு உண்டாயா?" என்றாவது கேட்டிருப்பாரன்றோ?

அன்று கப்பலில் நான்கு வாரம். இன்று விமானத்தில் ஒரே நாள். வசதியுள்ளோர் முதலாண்டுக் குளிர்காலத்திலேயே போய் வரட்டும். பிள்ளை என்ன சமைக்கிறான், பகுதிநேர வேலை முடிந்து எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புகிறான் என்று நேரில் பார்க்கட்டும். கைப்பேசி சிரித்த முகத்தைக் காட்டும். காலியான அரிசி டப்பாவைக் காட்டாது.

வசதியில்லாதோர் கடன்பட்டுப் போக வேண்டா. இருவர் போய்வரும் செலவைவிட, பிள்ளை ஒருவன் விடுமுறைக்கு வந்துபோகும் செலவு குறைவுதானே!

பட்டத்தைப் பாராட்ட ஊரே வரும். பசியை விசாரிக்கப் பெற்றவர்களைத் தவிர வேறு யார் வருவார்?