பூச்சி மருந்து மட்டும் போதுமா?

ரம்புக்கனை புகையிரத நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டார் அநேகமாகப் பின்னவலைக்கே செல்கிறார்கள். 1975இல் தொடங்கப்பட்ட யானைகள் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. காட்டு யானை தன் இலத்தியைப் போட்ட இடத்தை விட்டு மைல் கணக்கில் நடந்துவிடும். தென்னந்தோப்பில் வளரும் மந்தைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, இலத்தியையும் அள்ளியாக வேண்டும். ராஜஸ்தானத்து ஒட்டகத்தின் கதை வேறு. அதன் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸ் புழு மழையை ஒட்டியே பெருகும். மற்ற மாதங்களில் அதன் குஞ்சுகளைச் சுடுமணலே பார்த்துக்கொள்ளும்.

விலங்கு வளர்ப்போருக்கு விளங்கும் இந்த நியாயம், தோட்டத்துப் பிள்ளைகள் என்று வரும்போது நமது அதிகாரிகளுக்கு மறந்துபோகிறது. "பூச்சி மருந்து கொடுத்துவிட்டோம்" என்பதோடு கோப்பை மூடிவிடுகிறார்கள்.

சப்ரகமுவவில் மண்ணைக் காய வைக்க அந்த வெயிலும் கிடையாது. இரத்தினபுரியில் ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றருக்கு மேல். றப்பர் மர நிழலும் ஈர மண்ணும் இருந்தால் கொழுக்கிப்புழுவுக்கு வேறென்ன வேண்டும்? முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெறுங்காலின் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். மாத்திரை குடலில் உள்ள புழுவைக் கொல்லும், மண்ணில் உள்ளதைத் தொடாது.

2017இல் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடந்த தேசிய ஆய்வில் மண்வழிக் குடற்புழுத் தொற்று 0.97 வீதம் என்று கண்டார்கள். நகரச் சேரிகளில் அது 2.73 வீதம். தோட்டத்துறையில் 9.02! நாட்டின் சாதனையைப் பேசுவோர் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

"தோட்டத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது" என்பார்கள். இதைக் கூசாமல் சொல்வோரில் படித்த தமிழர்களும் உண்டு. அவர்கள் கொஞ்சம் சரித்திரம் படிக்கலாம். 1916இல் றொக்பெல்லர் மன்றத்தினர் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். தொழிலாளருக்குக் கீனோப்போடியம் எண்ணெய் கொடுத்தார்கள். மலசலகூடம் கட்டச் சொன்னபோது துரைமார் பலர் மடிச்சீலையை இறுக்கிக்கொண்டார்கள். குணமானவர்கள் அதே மண்ணில் நடந்து மறுபடியும் புழுவை வாங்கிக்கொண்டார்கள். சுத்தம் தெரியாதவர் யார்?

வெள்ளைக்காரத் துரைமார் போன பிறகும் நிலைமை மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. லயத்துச் சனம் சபைக்கு வாக்களிக்கலாம், அந்தச் சபையிடம் ஒரு கக்கூசு கேட்க முடியாது! இதைத் திருத்த 2018 வரை, அதாவது முப்பத்தொரு வருடங்கள் பிடித்தன. தன் செலவிலேயே குழி தோண்டலாம் என்றாலோ, பெரும்பாலானோருக்குக் காலடி நிலம் சொந்தமில்லை. நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் பிரதேச சபை உறுப்பினர்களே, சட்டம் கையைக் கட்டிவிட்டது என்ற சாக்கு 2018உடன் போய்விட்டது. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் லயங்களின் மலசலகூடங்களுக்கு எவ்வளவு ஒதுக்கப் போகிறீர்கள்? மருந்து முகாமில் எடுத்த படம் வேண்டாம், தொகையைச் சொல்லுங்கள்.