செண்டுடுக் களையா?

மாணவர்களே, உங்கள் வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் இடையில் ஒரு துண்டுப் புல்தரை இருக்கும். அது நகராண்மைக் கழகத்தின் நிலம். தினமும் மிதித்துப் போவது நாம். எங்கள் தாமானில் சில வீட்டார் அந்தத் துண்டில் உள்நாட்டுச் செடிகளை வளர்க்கத் தொடங்கியிருக்கிறோம். கடந்த பள்ளி விடுமுறையில் வெளியூர் போய்த் திரும்பினால், என் வீட்டு முன்னால் இடுப்பளவு வளர்ந்திருந்த செண்டுடுக் தரையோடு தரையாக வெட்டப்பட்டிருந்தது. புல் வெட்ட வந்தவர் களை என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எதிர்வீட்டுப் பாட்டியே, "தோட்டத்துல நாங்க வெட்டி வீசுன செடிய இங்க கொண்டாந்து வளர்க்கிறியே தம்பி!" என்று சிரித்தவர்தான்.

அப்படியானால் எதுதான் களை? குனிந்து பாருங்கள். சாலையோரங்களில் பரவலாகக் காணும் அந்த அகன்ற இலைப் புல் அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்தது. அதனூடே படர்ந்திருக்கும் தொட்டாற்சுருங்கியும் அப்படியே. வேலியோரக் காகிதப்பூவின் தாயகம் தென் அமெரிக்கா. 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்திகூட நம் காடுகளில் தோன்றியதல்ல. வெட்டுப்பட்ட செண்டுடுக்தான் இந்த மண்ணின் பிள்ளை!

அது சாதாரணப் பிள்ளையும் அல்ல. தாமான் கட்டும்போது மேல்மண் வழிக்கப்பட்டு, அமிலத்தன்மை மிகுந்த செம்மண்ணே பல இடங்களில் மிஞ்சுகிறது. அத்தகைய மண்ணில் கரையும் அலுமினியம் பல செடிகளின் வேர்நுனியைப் பாழாக்கும். செண்டுடுக்கோ அதை உறிஞ்சித் தன் இலைகளில் சேமித்துக்கொண்டு செழிக்கிறது. உரம் கேட்பதில்லை.

அதன் ஊதாப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம், நுனியில் சிறு துளை மட்டுமே உள்ள குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும், உப்புக் குப்பியைப்போல. கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, பறப்பதற்கான தசைகளை அதிரவைக்கும்; மகரந்தம் கொட்டும். காது கொடுத்துக் கேளுங்கள், பறக்கும்போது எழும் ரீங்காரத்தைவிடக் கீச்சென்று இருக்கும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பிறகு பழம் வெடிக்கும். தின்றால் வாய் கறுக்கும். மெலஸ்டோமா என்ற அறிவியல் பெயருக்குக் கிரேக்கத்தில் 'கரிய வாய்' என்றே பொருள். பூங்கொத்திக் குருவிகள் அதைத் தின்று, விதையை வேறோர் இடத்தில் எச்சமிடும். ஒரு செடியை வெட்டும்போது இத்தனையும் சேர்ந்து அறுபடுகிறது. இரண்டாம் படிவத்தில் 'பல்லுயிர்' என்று நாம் மனனம் செய்வது இதைத்தான்.

வந்த செடிகளை எல்லாம் பிடுங்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. நம் வீடுகளின் கறிவேப்பிலையும் இந்த மண்ணைச் சேர்ந்ததல்ல. ஆனால் ஒருவகைக் கரிய வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடுகிறது. பறவை எச்சம்போல் தெரியும் அதன் இளம்புழுவை நசுக்கிவிடாதீர்கள். (என் அம்மாவிடம் இதைச் சொல்லித் தோற்றுவிட்டேன்.)

நகராண்மைக் கழகத்தின் கவலையிலும் நியாயம் உண்டு. சந்திப்பு முனையில் புதர் வளர்ந்தால் வரும் வாகனம் தெரியாது. பூச்சட்டித் தட்டில் தேங்கும் நீரில் சுமார் ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு முழு வளர்ச்சி அடைந்துவிடும். ஆகவே சட்டி வேண்டாம், தரையில் நடுவோம். இடுப்பளவுக்கு மேல் விடாமல் கத்தரிப்போம். அதற்குப் பதிலாக, பராமரிக்கும் வீட்டாரின் பெயரைப் பதிவு செய்து, ஒரு சிறு பலகை வைக்க அனுமதியுங்கள். புல் வெட்டும் குத்தகையாளருக்கும் சொல்லிவையுங்கள். இதையே கடிதமாகக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

வெட்டிய அடித்தண்டில் இப்போது நான்கு துளிர்கள். அடுத்த முறை புல் வெட்டும் லாரி வரும்போது நான் வகுப்பில் இருப்பேன். தான் பார்த்துக்கொள்வதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார்.