வைபை இருக்குது, நெட் இல்லை

இரவு எட்டு மணிக்குப் பிறகு எங்களைத் தேடி விடுதிக்கு வாறீங்கள் எண்டால் அறைக்குப் போகாதீங்கோ. இரண்டாம் மாடிப் படிக்கட்டுக்கு வாங்கோ. வைபை பெட்டி அங்கதான் சுவரில இருக்குது. அதைச் சுத்தி நாங்கள் இருபது பேர், ஆளுக்கொரு படியில.

போன தவணை பாடத்தெரிவுக்குக் கடைசி நாள். நள்ளிரவோட தளம் பூட்டுப்படும். எங்கட தோழி ஒருத்தியின்ர போனில டேட்டா முடிஞ்சுது, வைபை சுத்திக்கொண்டே நிண்டுது. விடியக் காலம அலுவலகத்துக்கு எடுத்தால் ஒரு இலக்கம் அடிச்சுக்கொண்டே கிடந்தது. மற்ற இலக்கத்தில “அவர் இப்ப இந்தக் கிளையில இல்லை” எண்டாங்கள். அவள் விரும்பின பாடம் போச்சு. அதுக்குப் பிறகுதான் இதை எழுத வேணும் எண்டு யோசிச்சம்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு இணையம் புதுசில்லை. ‘லேர்ன்’ எனும் கல்வி, ஆய்வு வலையமைப்பு 1990இல் மின்னஞ்சலோடு தொடங்கியது. 1995இல் கொழும்பு, மொறட்டுவை, திறந்த பல்கலைக்கழகம் மூன்றும் விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் இணைக்கப்பட்டன. 2020 கொரோனா முடக்கத்தில் டேட்டாக் காசு இல்லாமல் நாங்கள் ஸூம் விரிவுரை கேட்டதும் அந்த வலையமைப்பின் ஊடாகத்தான். ஆகவே நாட்டில வழி இல்லை எண்டு சொல்ல ஏலாது.

பிரச்சினை வாசலுக்கு உள்ளே. பல்கலைக்கழக வாசல் வரை ஃபைபர் வருகிறது. அங்கிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் கேபிள், சுவிட்ச், பிறகு வைபை பெட்டி. சாதாரண நெட்வேர்க் செப்புக் கேபிள் 100 மீற்றருக்கு மேல் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் தூரத்துக் கட்டடத்துக்குத் தனியாக ஃபைபரும் சுவிட்சும் வேண்டும். ஒரு வைபை பெட்டியின் வேகத்தை அதில் தொங்குகிற எல்லாரும் பங்குபோடுகிறார்கள். வாசலில் எவ்வளவு வேகம் வந்தாலும் படிக்கட்டில இருபதாய்ப் பிரிஞ்சால் என்ன மிஞ்சும்?

தொலைபேசியும் இப்படித்தான். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் இணைப்பகத்து பற்றரியில இருந்து வரும். கரண்ட் போனாலும் அடிக்கும். இணையவழித் தொலைபேசிக்கு மாறினால், சுவிட்சுக்கு யூபிஎஸ் இல்லாத கட்டடத்தில கரண்டோட சேர்த்து போனும் வைபையும் போயிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் பார்த்த நாடு இது. அந்தப் பாடம் இன்னும் எங்கட கட்டடங்களுக்கு வரேல்லை.

“பெடியள் படம் பார்க்கத்தான் நெட் கேக்கிறாங்கள்” எண்டு சிலர் சொல்லுவினம். பார்க்கிறம்தான், மறைக்கேல்லை. ஆனா பாடத்தெரிவு, ஒப்படை, பெறுபேறு எல்லாத்தையும் இணையத்துக்குக் கொண்டுபோனது நாங்கள் இல்லை. “கலைப்பீடத்துக்கு எதுக்கு நெட், புத்தகம் காணாதோ” எண்டும் கேக்கினம். எங்களுக்குத் தேவையான ஆய்வுக்கட்டுரைகளில பாதிக்கு மேல நூலக அலுமாரியில இல்லையே. டேட்டா வாங்கக் காசிருக்கிற வீட்டுப் பிள்ளை சமாளிக்கும். மாதக் கடைசியில ரீலோட் போடவே யோசிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

நாங்கள் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. கட்டடத்துக்கு ஒண்டு எண்டு இல்லாமல், கட்டில்களை எண்ணி வைபை பெட்டி வையுங்கோ. விடுதிச் சுவிட்சுகளுக்கு யூபிஎஸ் போடுங்கோ. உள்ளகத் தொலைபேசி இலக்கங்களை ஒவ்வொரு தவணையும் சரிபார்த்து ஒட்டுங்கோ. கடைசி நாளில வலையமைப்பு விழுந்தால், விழுந்த நேரத்தைக் கூட்டித் தாங்கோ. இதுகளைத் தீர்மானிக்கிற கூட்டத்தில மாணவர் ஒருவரையாவது இருத்துங்கோ.

இந்தக் கிழமையே எங்கட பிரதிநிதிகளிட்ட இதை எழுத்தில குடுக்கிறம். கையெழுத்து வைக்க விரும்புறவை படிக்கட்டுக்கு வாங்கோ, அங்கதான் இருப்பம்.