தாத்தா வேலையை அரசு செய்கிறது!

அமெரிக்காவில் சராசரி வெள்ளையர் குடும்பத்தின் சொத்து, 2022 கணக்குப்படி சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கோ 45,000-கூடத் தேறவில்லை. காரணம் சம்பளம் மட்டுமல்ல. 1930-களில் கறுப்பர்கள் வசித்த தெருக்களை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்தார்கள்; அங்கே வீட்டுக் கடன் குதிரைக்கொம்பு. சொந்த வீடே வாங்க முடியாத தாத்தா, பேரனுக்கு எதை விட்டுப்போவார், சொல்லுங்கள்?

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் 2018-ல் ஒரு தொண்டு நிறுவனம், மானிய வீடுகளில் வாழும் கறுப்பினத் தாய்மார்களுக்கு ஒரு வருடம் மாதம் 1,000 டாலர் கொடுக்க ஆரம்பித்தது. ‘எதற்குச் செலவு செய்தாய்?’ என்ற நிபந்தனையே கிடையாது.

‘சும்மா கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள்’ என்பீர்களா? கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் 2019-ல் 125 பேருக்கு மாதம் 500 டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கில் வந்த செலவில் மது, புகையிலைக்குப் போனது ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. அதிகம் போனது சாப்பாட்டுக்கு!

ஆனால், மாதப் பணம் மாதத்தோடு கரைந்துவிடும்; சொத்தாகாது. அதனால் எனக்குப் பிடித்தது கனெக்டிகட் மாநிலத்தின் வழி. 2023 ஜூலை முதல், அரசு மருத்துவக் காப்பீட்டில் பிறக்கும் ஒவ்வொரு ஏழைக் குழந்தைக்காகவும் 3,200 டாலர் முதலீடு. பேத்தி பிறந்ததும் டெபாசிட் போடும் நம்மூர்த் தாத்தா மாதிரி! இனம் பார்ப்பதில்லை. 18 வயதுக்குப் பிறகு படிப்பு, வீடு, தொழிலுக்கு எடுக்கலாம். முதல் பிள்ளை அதை வாங்க 2041 ஆகிவிடும்.